அவள் எதைப் பார்த்தாள்?

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழைய ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் ஸ்டீக் லார்சன் எழுதிய ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’. ஸ்வீடன்காரர். 2004-ல் மாரடைப்பில் போய்விட்டார், நாவல் வெளிவந்தது 2005-ல்.

1966-ல் ஒரு தீவிலிருந்து 16 வயதுப் பெண் காணாமல் போகிறாள். உடல் கிடைக்கவில்லை. கொலைதான் என்று தாத்தா முறையுள்ள பெரியவர் நம்பிக்கொண்டே கிழவராகிறார். முதல் நூறு பக்கம் கம்பெனி, அவதூறு வழக்கு என்று இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வருகிறது அந்த இடம். அவள் காணாமல் போன அன்று நடந்த ஊர்வலத்தை உள்ளூர்ப் பத்திரிகை எடுத்த நெகட்டிவ்கள், பெரியவருக்காகத் துப்புத் துலக்க வந்த பத்திரிகையாளன் மிக்கேலுக்குக் கிடைக்கின்றன. லேப்டாப்பில் வரிசையாக ஓட்டுகிறான். கூட்டம் ஊர்வலத்தைப் பார்க்கிறது. இவள் மட்டும் வேறு பக்கம் திரும்புகிறாள், முகம் மாறுகிறது. எதைப் பார்த்தாள்? அவளுக்குப் பின்னால் நிற்கும் யாரோ ஒரு பெண்ணின் கையில் கேமரா. அப்படியானால் எங்கோ ஒரு வீட்டு ஆல்பத்தில் அது பதிந்திருக்கணுமே! அதைத் தேடி அவன் கிளம்பும் பக்கங்களில் என் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. மிச்சத்தைச் சொல்ல மாட்டேன்.

சரி, எங்கள் ஆல்பம். அத்தை கல்யாண குரூப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, சித்தப்பா மட்டும் இடது பக்கம் உற்றுப் பார்க்கிறார். காலையில் முதல் வேலையாகப் போன் போட்டுக் கேட்டேன்.

“பந்தி போட்டுட்டாங்களான்னு பாத்திருப்பேன்டா.”