அம்பத்தூர் வழக்கும் ஒரு பழைய ‘காணவில்லை’ படமும்

2019 டிசம்பரில், குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்ந்ததாகத் திருச்சியில் ஒருவர் கைதான செய்தி வந்தபோது, தமிழ்நாட்டில் பலருக்கும் ஒரு விசித்திரமான கிலி பிடித்திருந்தது. அத்தகைய படங்களைத் தேடியவர்கள், தரவிறக்கியவர்கள் ஆகியோரின் பட்டியல் காவல்துறையிடம் இருப்பதாகப் பேச்சு பரவியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரவு பத்தரை மணிக்கு அழைத்து, கைப்பேசியை ஃபார்மேட் செய்துவிட்டால் பழையதெல்லாம் போய்விடுமா என்று, பொது அறிவுக்காகக் கேட்பவர் போலக் கேட்டார். சட்டம் படித்துவிட்டு வேறு பிழைப்புக்கு வந்தவன் என்பதால் எனக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் அவ்வப்போது வரும். “என் ஃபோனில் நான் என்ன பார்க்கிறேன் என்பது என் அந்தரங்கம் இல்லையா சார்?” என்று அவர் கடைசியாகக் கேட்டார். நான் ஏதோ மழுப்பிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன்.

ஏறத்தாழ அதே கேள்வி நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்த தகவல் ஒன்றின் அடிப்படையில், 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர்மீது வழக்குப் பதிவாகியிருந்தது. அவருடைய கைப்பேசியைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பியதில் சிறார் சம்பந்தப்பட்ட காணொளிகள் கிடைத்தன. அவர் அவற்றை யாருக்கும் அனுப்பியதற்குச் சான்று இல்லை. தனிமையில் தரவிறக்கிப் பார்த்தது மட்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படியோ, சிறார் சம்பந்தப்பட்ட ஆபாசப் பதிவுகளை மின்னணு வடிவில் கையாள்வது பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படியோ குற்றமாகாது என்று கூறி, 2024 ஜனவரி 11 அன்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. இன்றைய இளைய தலைமுறையை ஆபாசப் படப் பழக்கம் பீடித்திருக்கிறது, சமூகம் அவர்களைத் தண்டிப்பதைவிட அறிவுரை கூறி மீட்கும் அளவுக்கு முதிர்ச்சி பெற வேண்டும் என்றும் நீதிபதி எழுதினார். அந்த வரிகளில் அக்கறை இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அக்கறை முழுவதும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கே போய்ச் சேர்ந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தையை மையத்துக்குக் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 23 அன்று நீதிபதிகள் சந்திரசூட், பார்திவாலா ஆகியோர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, அந்த இளைஞர்மீதான வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். நீண்ட அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது சொல் குறித்த பகுதி. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற பெயர், பெரியவர்கள் மனமொப்பி நடித்த படத்தின் ஒரு கிளைவகை போன்ற தோற்றத்தைத் தருகிறது. நடந்ததோ ஒரு குழந்தையின்மீது நிகழ்த்தப்பட்ட வன்கொடுமை, கையில் இருப்பது அதன் பதிவு. ஆகவே நீதிமன்றங்கள் இனி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, பாலியல் சுரண்டலையும் கொடுமையையும் காட்டும் பதிவு என்றே குறிப்பிட வேண்டும் என்றார்கள். இந்தப் பத்தியில் பழைய பெயரை நானும் எழுதியிருக்கிறேன், முதல் பத்தியில் என் சொந்த வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறேன். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை.

சட்ட நுணுக்கத்தையும் சற்றுச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை நம் செய்தித்தாள்கள் ஒரே வரியில் கடந்துவிட்டன. போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மூன்று தனித்தனிக் குற்றங்களைச் சொல்கிறது. பகிரும் நோக்கத்தோடு அத்தகைய பதிவை அழிக்காமலும் உரியவர்களிடம் தெரிவிக்காமலும் வைத்திருப்பது முதலாவது. அதற்குக் குறைந்தது 5,000 ரூபாய் அபராதம். பரப்புவதற்காகவோ பிறருக்குக் காட்டுவதற்காகவோ வைத்திருப்பது இரண்டாவது, வணிக நோக்கத்துக்காக வைத்திருப்பது மூன்றாவது; இவற்றுக்குச் சிறை உண்டு. உண்மையில் அனுப்பியிருக்க வேண்டும் என்ற தேவை மூன்றிலும் இல்லை, முதல் குற்றத்தில் அழிக்காமல் விட்டதிலிருந்தே நோக்கத்தை ஊகிக்க இடமுண்டு என்பதுதான் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம். கைப்பேசியில் சேமிக்காமல் இணையத்திலேயே திறந்து பார்த்தாலும், அந்தப் பதிவு பார்ப்பவரின் கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவும் வைத்திருந்ததாகவே கொள்ளப்படும். இரவு பத்தரை மணிக்கு அழைத்த அந்த மனிதருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்: அந்தரங்கம் உண்டுதான், ஆனால் அந்தப் படத்துக்குள் இருக்கும் குழந்தைக்கும் அது உண்டு, ஒவ்வொரு முறை படம் திறக்கப்படும்போதும் முறிக்கப்படுவது அந்தக் குழந்தையின் அந்தரங்கம்.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாகவே இருந்திருக்கும். ஆனால் அத்தகைய பதிவுகள் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று பார்க்கத் தொடங்கினால் நிம்மதி குறைகிறது. 2009இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஹேனி ஃபரீத் என்ற பேராசிரியரும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ என்ற நுட்பம், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட கொடுமைப் படம் ஒவ்வொன்றையும் ஓர் எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொண்டு, புதிதாக ஏற்றப்படும் படங்களின் எண்வரிசையோடு ஒப்பிடுகிறது. அந்த ஒப்பீட்டில் யாரும் உங்கள் குடும்பப் படங்களைப் பார்ப்பதில்லை. கைரேகையைப் பொருத்திப் பார்ப்பது போன்ற வேலை அது, பிழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்படிப் பொருந்துபவை அமெரிக்காவில் உள்ள காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குப் போகின்றன. 2019இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே இந்தியா தொடர்பானவை நம் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகின்றன.

ஏற்கெனவே தெரிந்த படங்களோடு நிற்காமல், புதிய படங்களையும் இயந்திரமே பார்த்து ‘இது கொடுமைப் படமா’ என்று தீர்மானிக்கும் கட்டத்துக்கு நிறுவனங்கள் வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சிறு மகனின் பிறப்புறுப்பில் வீக்கம் கண்டு, மருத்துவமனைச் செவிலியர் கேட்டுக்கொண்டபடி படம் எடுத்தார். அது தானாகவே கூகுள் சேமிப்புக்குப் போயிற்று, இயந்திரம் அதைக் கொடுமைப் படம் என்று குறித்தது, இரண்டு நாளில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. காவல்துறை விசாரித்துக் குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று முடித்த பின்னும் கணக்கு திரும்பவில்லை. ஆண்டுக்கணக்கான மின்னஞ்சல்களும் மகனின் குழந்தைப் பருவப் படங்களும் அதோடு போயின. இந்தச் செய்தியைப் படித்த அன்று, என் மகளுக்கு வேர்க்குரு வந்தபோது குழந்தை மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்களை நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் இதைச் செய்யாத பெற்றோர் யாராவது இருக்கிறார்களா?

ஆப்பிள் நிறுவனம் 2021 ஆகஸ்டில், மேகச் சேமிப்புக்குப் போகவிருக்கும் படங்களைப் பயனரின் கைப்பேசிக்குள்ளேயே வைத்துப் பொருத்திப் பார்க்கும் திட்டத்தை அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2022 டிசம்பரில் கைவிட்டது. இன்று குழந்தைகளைக் காட்டித் திறக்கப்படும் கதவை நாளை எந்த அரசும் வேறு எதற்கும் பயன்படுத்தலாம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். இந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்குகளில், இணையக் குற்றங்களைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்றே முதலில் கேட்டார்கள். அங்கிருந்து பேச்சு வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பதற்குத் திரும்பியது. சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி அதற்கொரு வழியையும் முன்வைத்தார். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளில், முதலில் அனுப்பியவரைக் கண்டறிந்து சொல்லும் கடமை சட்டமாகவே வந்து, அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த விதி கூறும் காரணங்களில் குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைப் பதிவும் ஒன்று. ஆனால் அதே பட்டியலில் நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு என்று அதைவிட விரிந்த காரணங்களும் வரிசைகட்டி நிற்கின்றன. குழந்தையை முன்வரிசையில் நிறுத்திவிட்டால் பின்வரிசையில் யார் யார் நுழைகிறார்கள் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாதுகாப்பும் அந்தரங்கமும் மோதும் இடத்தில் நீதிமன்றம் நிதானமாக யோசித்த ஒரு தருணமும் உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மருத்துவரும் விலக்கல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழ் சம்மதம் என்பதே சட்டத்தில் இல்லாததால், காதலித்துக் கருவுற்ற பதினாறு வயதுப் பெண் மருத்துவமனைக்குப் போனாலும் அது வழக்காகும். இந்தப் பயத்தில் அந்தப் பெண்கள் தகுதியற்றவர்களிடம் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்றது. தகவல் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது, பெயர் மட்டும் மறைகிறது. எவ்வளவு சிறிய திருத்தம், எவ்வளவு பெரிய ஆறுதல்!

இதே அக்கறையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தேடினால் ஏமாற்றம்தான். 2023இல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட எவருடைய தரவையும் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டவரையில் இது நல்ல சட்டம். ஆனால் பதினேழு வயதுப் பையனும் ஏழு வயதுப் பையனும் இதற்கு ஒன்றே, இருவர் சார்பிலும் பேசுவது பெற்றோரே. தனிநபர்கள் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், குழந்தையின் படத்தை வெளியிடுவதே பெற்றோராக இருக்கும்போது கேட்க ஆளில்லை. பிரான்சில் 2024 பிப்ரவரியில் வந்த சட்டம், பிள்ளையின் உருவப் படம் மீதான உரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கடமை என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நம் வீடுகளில் பூப்புனித நீராட்டு விழாவின் காணொளி யூடியூபில் ஏறுவதற்கு முன், மணையில் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் யாராவது கேட்பார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

தலைப்பில் சொன்ன படத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு சிறுமியின் படம் வந்தது. மேலே ‘காணவில்லை’, கீழே பெயர், வயது, பள்ளி, தந்தையின் கைப்பேசி எண், ‘முடிந்தவரை பகிரவும்’ என்ற வேண்டுகோள். அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அது முதன்முதலில் வந்த அன்றே அந்தத் தந்தையை அழைத்திருந்தேன். குழந்தை மாலையிலேயே கிடைத்துவிட்டாள், தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று அவர் களைத்துப்போன குரலில் சொன்னார். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையாக அவள் இருந்திருந்தால், பெயர், படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்ற போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அவளுக்குத் துணை நின்றிருக்கும். மாலையிலேயே வீடு திரும்பிவிட்ட குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

படத்தை அனுப்பியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லெண்ணத்துக்குக் குறைவில்லாதவர். அவருக்குத் தனியாக எழுதி, குழந்தை கிடைத்துவிட்டாள், படத்தை நீக்கிவிடுங்கள் ஐயா என்று கேட்டேன். “அப்படியா, மிக்க மகிழ்ச்சி தம்பி” என்று பதில் போட்டார். பிறகு குழுவில், அந்தப் படத்தையே மேற்கோளாக எடுத்து, அதன் கீழ், “இந்தக் குழந்தை கிடைத்துவிட்டாள், அனைவருக்கும் பகிரவும்” என்று எழுதினார்.