காணாத கோடொன்றை அளந்த அனுபவம்

நான் மட்டக்களப்பின் கல்லடியில் குடியிருந்து, வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். முதுமாணிப் பட்ட ஆய்வுக்காக, மிக மங்கலான குள்ளப் பேரடை (சிறிய கலக்சி) ஒன்றிலுள்ள ஒரேயொரு விண்மீனில் எந்தெந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று கணித்து முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு சென்றது. இத்தனைக்கும் அளவீட்டுக்கென்று தொலைகாட்டி எதையும் நான் தொடவில்லை. ஒரு பழைய மடிக்கணினியும், அவ்வப்போது அறுந்துபோகும் வலைத்தொடர்பும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு எஞ்சிய மாலைகளுமே என்னிடம் இருந்தன. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கக்கூடும் என்பதால், நான் இடறிய இடங்களை எழுதி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பேரடையின் பெயர் பூட்டீஸ் 1. சுலோன் வானளவையின் தரவுகளிலிருந்து 2006 இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. படத்தைப் பார்த்தால் அங்கே பேரடை இருப்பதே தெரியாது. ஒரே தூரத்தில் இருந்தால் எந்த நிறமும் ஒளியும் காட்டுமோ அவற்றைக் கொண்ட விண்மீன்கள் அந்தத் திசையில் வழமைக்கு மேல் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே அதைப் பிடித்தார்கள். 2 இலட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள அந்தப் பேரடை முழுவதும் சேர்ந்து தரும் ஒளி, சில பத்தாயிரம் சூரியன்களின் ஒளிக்கு மேல் இல்லை. இவ்வளவு சிறியதை ஏன் அளக்க வேண்டும் என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். எங்கள் பேரடையான பால்வீதி கோயில் அன்னதானக் கிடாரம் போன்றது. எந்த வீட்டு அரிசி எது என்று அதில் பிரிக்க முடியாது. பூட்டீஸ் 1 இரண்டு பேருக்கு ஆக்கிய சட்டி. ஹபிள் தொலைகாட்டியால் இதையும் சேர்த்து 6 குள்ளப் பேரடைகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட முடிவின்படி, இவற்றின் விண்மீன்களில் பெரும்பகுதி பிரபஞ்சத்தின் முதல் 100 கோடி ஆண்டுகளை ஒட்டியே பிறந்துவிட்டன. ஆகவே இங்குள்ள ஒரு விண்மீனின் மேற்பரப்பில் இருக்கும் இரும்பும் மகனீசியமும் மிகச் சில சுப்பர்நோவாக்கள், அதாவது வெடித்த விண்மீன்கள், விட்டுச் சென்றவை. எண்ணக்கூடிய அளவு கைகளே அந்தச் சட்டியைத் தொட்டிருக்கின்றன.

தரவு கிடைப்பது கடினமாக இருக்கும் என்று பயந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் எளிதாக இருந்தது. சிலியில் பரனால் மலையிலுள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டிகளில் எடுக்கப்படும் நிறமாலைகளை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை, அவதானித்தவர்களுக்கு மட்டுமான காலம் கழிந்ததும் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் தன் காப்பகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறது. பெயரைப் பதிந்து, விண்மீனின் ஆள்கூறுகளைக் கொடுத்து, கோப்புகளை இறக்கினேன். என் விண்மீன் 17 க்கும் 18 க்கும் இடைப்பட்ட பருமன் கொண்ட ஒரு செம்பெரு விண்மீன். பருமன் என்ற எண் கூடக்கூட விண்மீன் மங்கல். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையை 6 என்று வைத்தால், அதைவிட ஏறத்தாழ 40,000 மடங்கு மங்கல். பல இரவுகளின் ஒளியை ஒன்றாகக் கூட்டிய பிறகும், மூலகங்கள் ஒளியை உறிஞ்சும் கோடுகளுக்கு இடையிலான சமதளத்தில் இரைச்சலைவிட சைகை 30 மடங்குதான் பெரிதாக நின்றது.

வேலையைத் தொடங்கிய காலம் 2022 மார்ச் மாத இறுதி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்கள் அவை. கணினியில் மின்கலம் தீர்ந்ததும் வீட்டுக் கூரைத்தளத்துக்கு ஏறிவிடுவேன். ஊர் முழுவதும் இருண்டிருக்க, எட்டரை மணி வாக்கில் சுவாதி கடலின்மேல் இரண்டு பனை உயரத்துக்கு எழும்பியிருக்கும். சுவாதியிலிருந்து ஏறத்தாழ 6 பாகை தள்ளி, கண்ணுக்கு ஒன்றுமில்லாத வெளியில், பூட்டீஸ் 1 இருக்கிறது. அதிலிருந்து இன்னும் 5 பாகை தெற்கே போனால், 6.2 பருமன் கொண்ட எச்டி 122563 என்னும் விண்மீன். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய இருகண் தொலைகாட்டியில் அதைக் கண்டுகொண்டேன். “என்ன மனே, இருட்டுக்குள்ள நிண்டு என்ன பாக்கிற?” என்று அம்மா கீழிருந்து கேட்பார். அம்மாவுக்குச் சுவாதி தெரியும். அதற்குப் பக்கத்து வெறுமையைக் காட்டி, “இதுதான் என்ர வேலை” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எச்டி 122563 ஐப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரும்பு மிகக் குறைந்த விண்மீன்களுள் அது மிக நன்றாக ஆராயப்பட்ட ஒன்று. பல குழுக்கள் பல தொலைகாட்டிகளால் அளந்த முடிவுகள் அச்சில் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவர் முதலில் அதையே அளந்து, தம் கைக்கு வரும் எண்ணும் அச்சிலுள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். என் மேற்பார்வையாளரும் அதையே சொன்னார். நான் அந்தப் பயிற்சியை ஒரு சடங்காகச் செய்து முடித்தேன். அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

அளப்பது என்றால் இதுதான். நிறமாலையில் ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சிப் பள்ளம் விடும். பள்ளத்தின் பரப்பை, அதே பரப்புள்ள முழுக்கருமையான ஒரு பட்டையின் அகலமாக மாற்றி எழுதுவதே சமான அகலம். அலகு மில்லி ஆங்ஸ்ட்ரோம்; ஆங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. பரப்பைக் கணிக்க, பள்ளம் இல்லாவிட்டால் ஒளி எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று ஒரு மேற்கோடு போட வேண்டும். எங்கள் தொழிலின் பாவமெல்லாம் அந்த மேற்கோட்டில்தான் சேர்கிறது. 0.4 ஆங்ஸ்ட்ரோம் அகலமுள்ள ஒரு சாளரத்தில் அந்தக் கோட்டை நூற்றுக்கு ஒரு பங்கு மேலே தூக்கினால் சமான அகலம் 4 மில்லி ஆங்ஸ்ட்ரோம் கூடிவிடும். 20 மில்லி ஆங்ஸ்ட்ரோம் உள்ள மெலிந்த இரும்புக் கோட்டுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு கோட்டையும் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை அளந்து, முந்திய எண்ணைப் பார்க்காமல் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். கொப்பி நிறைந்தபோது ஒன்று புலப்பட்டது: ரியூசன் வகுப்பு முடித்து இரவில் வந்து அளந்த நாட்களில் என் மேற்கோடு எப்போதும் சற்றுத் தாழ்ந்தே இருந்தது. களைத்த கண் இரைச்சலின் நடுவே கோடு போடுகிறது போலும். அதன்பின் விடியற்காலை நாலரைக்கு எழுந்தே அளந்தேன். இதைத் தானாகச் செய்யும் நிரல்கள் உண்டு. இரைச்சல் இவ்வளவு உள்ள நிறமாலையில் அவற்றை நம்பி விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

இனி, என் பேரடை தொலைந்துபோன கதை. விண்மீன் எம்மை விட்டு விலகும் வேகத்தால் எல்லாக் கோடுகளும் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். பூட்டீஸ் 1 இன் விண்மீன்கள் செக்கனுக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகத்தில் விலகுகின்றன. அந்த வேகம் இருந்தால்தான் ஒரு விண்மீன் அந்தப் பேரடையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். பூமியின் சொந்த ஓட்டத்தைக் கழித்த பிறகு எனக்கு வந்த விடை 16. அப்படியானால் இது பேரடைக்கு முன்னால், நமக்கு அருகில், தற்செயலாக நிற்கும் ஏதோவொரு விண்மீன். ஐந்து மாத வேலை வீண். இரண்டு நாள் கொப்பியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மிஸ், இந்த ஸ்டார் அந்த கலக்சிக்குரியது இல்லைப் போல. வேறொன்று எடுக்க வேண்டி வரும்.”

“அதுக்கு முதல், நீங்க பழகின ஸ்டாருக்கு என்ன வேகம் வந்தது?”

எனக்குத் தெரியவில்லை. நிரல் தானாக வேகத்தைக் கணித்து, கோடுகளை நகர்த்தி வைத்துவிட்டதால் நான் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. திறந்து பார்த்தேன்: எம்மை நோக்கி செக்கனுக்கு 110 கிலோமீற்றர். அச்சிலுள்ள எண் ஏறத்தாழ 26. இரண்டு விண்மீனிலும் ஏறத்தாழ ஒரே 83 குறைகிறது. பிழை வானத்தில் இல்லை, என் பட்டியலில். அலைநீளங்களை வெற்றிடத்திலும் தரலாம், காற்றிலும் தரலாம்; காற்று ஒளியைச் சற்று மெதுவாக்குவதால் 5000 ஆங்ஸ்ட்ரோம் அருகில் இரண்டுக்கும் 1.4 ஆங்ஸ்ட்ரோம் வித்தியாசம் வரும். என் நிறமாலை காற்று அலைநீளத்தில் இருந்தது. மூலகங்களின் கோடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் வால்டு தரவுத்தளத்தில் கோட்டுப் பட்டியல் கேட்டபோது நான் வெற்றிடம் என்பதைத் தெரிவு செய்திருந்தேன். அந்த 1.4 ஐ வேகமாக மாற்றினால் செக்கனுக்கு ஏறத்தாழ அதே 83 கிலோமீற்றர். பட்டியலை மாற்றியதும் என் விண்மீன் 99 உடன் தன் வீட்டுக்குத் திரும்பியது.

கணிப்புக்கு மூக் என்னும் நிரலைப் பயன்படுத்தினேன். கிறிஸ் ஸ்னீடன் 1970 களில் போட்ரான் என்னும் கணினி மொழியில் எழுதிய அது இன்றும் பலரிடம் ஓடுகிறது. அதன் வரைபுகளுக்குக் கட்டணமுள்ள வேறொரு மென்பொருள் தேவை. வரைபை நீக்கிய பதிப்பு ஒன்று இருப்பதை அறிய ஒரு வாரம் போனது. அந்த நிரலுக்கு விண்மீனின் வெப்பநிலையையும் மேற்பரப்பு ஈர்ப்பையும் நாமே கொடுக்க வேண்டும். இரும்பின் எல்லாக் கோடுகளும் ஒரே விடையைத் தரும்வரை வெப்பநிலையை ஏற்றி இறக்குவது ஒரு முறை. ஆனால் இரும்பு குறைந்த செம்பெரு விண்மீன்களில் அது உண்மையைவிடக் குளிர்ந்த விடையைத் தரும். இதற்கு வானியலாளர் ஆனா ஃபிரெபலும் கூட்டாளிகளும் 2013 இல் ஒரு திருத்தம் தந்தார்கள்: வந்த வெப்பநிலையை 0.9 ஆல் பெருக்கி 670 ஐக் கூட்ட வேண்டும். எனக்கு வந்த 4500 கெல்வின் அதன்படி 4720 ஆனது. நிறத்திலிருந்து தனியாகக் கணித்த விடைக்கும் அது அருகில் இருந்தது.

இரும்பு, சூரியனிலுள்ளதில் சுமார் 200 இல் ஒரு பங்கு. மகனீசியம் இரும்போடு ஒப்பிட, சூரியனிலுள்ள விகிதத்தைப்போல் இரு மடங்கு. பாரிய விண்மீன்கள் வெடித்துக் கலந்த வாயுவில் எதிர்பார்க்கத்தக்கதே. பேரியம் சூரிய விகிதத்தில் நாலில் ஒன்று. இவை எல்லாம் பிறர் கண்டதோடு ஒத்துப்போயின, அதனால் இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

என்னை நிறுத்தி வைத்தது யூரோப்பியம் என்னும் பாரமான மூலகம். அணுக்கருக்கள் விரைவாக நியூத்திரன்களைச் சேர்க்கும் நிகழ்வுகளிலேயே அது பெரும்பாலும் உண்டாகிறது. 2015 இல் கண்டுபிடிக்கப்பட்ட ரெட்டிகுலம் 2 என்னும் குள்ளப் பேரடையில் அலெக்சாண்டர் ஜியும் ஆனா ஃபிரெபலும் கூட்டாளிகளும் 9 விண்மீன்களை நோக்க, 7 இல் இத்தகைய மூலகங்கள் மிகுந்திருந்தன. 2016 இல் வெளிவந்த அந்த முடிவின்படி அங்கே யூரோப்பியத்துக்கும் இரும்புக்குமான விகிதம் சூரியனைப்போல் சுமார் 50 மடங்கு. அரிதான ஒரே நிகழ்வு, அநேகமாக இரு நியூத்திரன் விண்மீன்களின் மோதல், அந்தச் சட்டி முழுவதையும் கலக்கியிருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 2017 ஓகஸ்ட் 17 இல் அப்படியொரு மோதலின் ஈர்ப்பலையும் ஒளியும் பதிவானபோது அந்த வாதம் வலுத்தது. ஆகவே என் விண்மீனிலும் 6645 ஆங்ஸ்ட்ரோமில் யூரோப்பியக் கோட்டைத் தேடினேன். இல்லை. மேடும் பள்ளமுமாக இரைச்சல் மட்டும். ஒரு விடியற்காலையில் அங்கே பள்ளம் இருப்பதுபோல் தெரிந்து 6 மில்லி ஆங்ஸ்ட்ரோம் என்று எழுதினேன். மறுநாள் அது அரை ஆங்ஸ்ட்ரோம் தள்ளியுள்ள எந்தக் கோட்டுக்கும் உரியதல்லாத இன்னொரு பள்ளத்தைப் போலவே இருந்தது. அழித்தேன்.

அட்டவணையில் அந்த இடத்தை வெறுமையாக விட நினைத்தேன். மேற்பார்வையாளர் விடவில்லை. கோடு இல்லை என்பது வேறு, தேடவில்லை என்பது வேறு. வெறும் கட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் என்றார். கருவியின் பிரிதிறன், படப்புள்ளியின் அகலம், இரைச்சல் ஆகிய மூன்றையும் வைத்துக் கணித்தால் என் தரவில் ஓர் அளவீட்டின் தளம்பல் சுமார் 3 மில்லி ஆங்ஸ்ட்ரோம். அதன் மூன்று மடங்கு, ஏறத்தாழ 10. அதைவிடப் பெரிய கோடு இருந்திருந்தால் நான் கண்டிருப்பேன். அந்த 10 ஐ மூக் நிரலுக்குக் கொடுத்தபோது, யூரோப்பியத்தின் விகிதம் சூரியனைப்போல் 10 மடங்குக்கு மேற்பட முடியாது என்று வந்தது. ரெட்டிகுலம் 2 இல் நடந்தது என் விண்மீன் பிறந்த வாயுவில் நடந்திருந்தால் அந்த 50 மடங்கு என் கண்ணுக்குத் தப்பியிருக்க முடியாது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கிடைத்த இந்த ஒரு வரியையே என் ஆய்வுக்கட்டுரையின் மிக உறுதியான வரியாக நான் கருதுகிறேன். வாய்மொழிப் பரீட்சையில் வெளிவாரிப் பரீட்சகர் இரும்பைப் பற்றி ஒரு கேள்வியும், இதைப் பற்றி அரை மணித்தியாலமும் கேட்டார்.

பட்டம் கிடைத்தபின் பாடசாலை விஞ்ஞான தினத்துக்காக அந்த அட்டவணையைத் தமிழில் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டேன். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் போட்டார்கள். நான் பிழை பார்க்கும்போது தமிழ்ச் சொற்களை மட்டும் பார்த்தேன். யூரோப்பியத்துக்கு நேரே ‘இதிலும் குறைவு’ என்பதற்கு நான் இட்டிருந்த கணிதக்குறி, அந்த எழுத்துருவில் ‘ஈ’ என்ற எழுத்தாக மாறியிருந்தது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி துண்டுப்பிரசுரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, “சேர், மற்ற மூலகத்துக்கு எல்லாம் இலக்கம் மட்டும்தான் இருக்கு; இதுக்கு மட்டும் ஏன் ஒரு ஈ இருக்கு?” என்று கேட்டாள். மீதமிருந்த 200 பிரதிகளிலும் அவளும் நானும் நீலப் பேனையால் அந்த எழுத்தை வெட்டிக் குறியைப் போட்டோம். எதற்காக என்று சொல்லி முடிக்கும்போது இடைவேளை மணி அடித்துவிட்டது.