96 நிமிடம், ஒரே ஷாட்

நான் படத்தொகுப்பாளன். பிறர் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சிகளில் எது தங்கும், எது போகும் என்று முடிவு செய்வது என் பிழைப்பு. "இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, சீக்கிரம் வெட்டுங்கள்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்லிவிடுகிறார். சென்ற மாதம் வரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சென்ற மாதம் 'ரஷ்யன் ஆர்க்' படத்தை மறுபடியும் பார்த்தேன். ரஷ்ய இயக்குநர் சொக்குரோவ் எடுத்தது, 2002-இல் வந்தது. பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிடாஜ் அரண்மனைக்குள் நுழையும் கேமரா, அறை அறையாக நடந்து, ஒரு வெட்டுகூட இல்லாமல், ஒரே ஷாட்டாக, சுமார் 96 நிமிடத்தில் வெளியே வரும். தொழில் கற்றுக்கொண்டிருந்த வயதில் அதைத் திரையரங்கில் பார்த்தேன். என்னைப் போன்றவர்களுக்கு வேலையே வைக்காத படம் என்பதால் கொஞ்சம் வீம்போடுதான் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்து எழுந்தபோதுதான் கால் மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

இந்த முறை கைப்பேசியில். 11-வது நிமிடத்தில் நிறுத்தினேன். மறுநாள் இன்னொரு துண்டு, அதற்கு மறுநாள் இன்னொன்று. நான்காம் நாள், கடைசியில் வரும் பெரிய நடனக் காட்சியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். அவ்வளவு பேர் ஆடும் மசூர்க்கா, கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களின் பதற்றம் போல ஓடி முடிந்தது.

வெட்டு அதிகம், ஷாட் நீளம் என்று எதன் மீதும் பழி போட முடியவில்லை. அன்று பார்த்த அதே ஷாட்தான் இது. வயது கூடியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதானவர்கள் பொறுமை இழப்பார்கள் என்று இதுவரை யாரும் என்னிடம் புகார் சொன்னதில்லை. மாறியிருந்தது படம் என்னிடம் வந்து சேர்ந்த வழி மட்டுமே. அன்று எழுந்து போக வேண்டுமானால் இருட்டில் பத்துப் பேரின் முழங்கால்களைத் தாண்ட வேண்டும். இன்று கட்டைவிரலை அசைத்தால் போதும்.

ஃபிலிம் காலத்தில் பார்ப்பவர் கையில் எந்தப் பிடியும் இல்லை. 35 மி.மீ. ஃபிலிம் ஆயிரம் அடி என்றால், நொடிக்கு 24 பிரேம் கணக்கில், சுமார் 11 நிமிடம். ரீல் முடியப்போவதைத் திரையின் வலது மேல் மூலையில் மின்னி மறையும் புள்ளி சொல்லும். ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார். பொறுமை தேவைப்பட்டது அவருக்குத்தான். 1975-இல் பீட்டாமேக்ஸ், 1976-இல் விஎச்எஸ் என்று வந்த பிறகே, நிறுத்தும் பொத்தானும் ஓட்டும் பொத்தானும் வீட்டுக்கு வந்தன. படத்தின் வேகத்தை நான் முடிவு செய்யும் உரிமையில் ஒரு பங்கு அன்றே கைமாறிவிட்டது.

எங்கள் தரப்புக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் (வெட்டுகளை எண்ணுபவருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்) ஹாலிவுட் படங்களை அளந்தார். 1930 அளவில் சராசரியாக 12 விநாடி நீடித்த ஷாட், 2010 வாக்கில் இரண்டரை விநாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தச் சரிவின் பெரும்பகுதி கைப்பேசிக் காணொளிக்கு முந்தியது. ஃபிலிமை வெட்டி, ஒட்டுப்பட்டை போட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்த காலத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கை தயங்கும். கணினி வந்தபின் தயக்கம் போயிற்று. பிடிக்காவிட்டால் ஒரு விசையில் பழையபடி ஆகிவிடும்.

47 விநாடி என்று ஓர் எண்ணைக் கூட்டங்களில் அடிக்கடி வீசுகிறார்கள். குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் கண்டது அது. கணினியில் வேலை செய்பவர்கள் ஒரு திரையிலிருந்து வேறொன்றுக்குத் தாவுமுன் சராசரியாக நிற்கும் நேரம். 2004-இல் அது இரண்டரை நிமிடமாக இருந்தது. தாவுகிறார்கள் என்பதற்கு அது சான்று. நிற்க முடியாதவர்கள் என்பதற்கு அல்ல. பத்து நிமிடத்துக்குள் முடியும் அத்தியாயங்களை மட்டுமே நம்பிப் பெரும் பணத்தோடு 2020 ஏப்ரலில் தொடங்கிய 'குவிபி' என்ற கைப்பேசிக் காணொளிச் சேவை அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூடப்பட்டது. மூன்று மணி நேரம் ஓடும் 'ஓப்பன்ஹைமர்' 2023-இல் அரங்குகளை நிறைத்தது.

இதையெல்லாம் போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆச்சரியம்தான். பிறகு தன் முந்தைய காணொளியின் வரைபடத்தைத் திறந்து காட்டினார். எத்தனை பேர் எந்த விநாடி வரை தங்கினார்கள் என்ற கோடு, முதல் அரை நிமிடத்தில் மலையிலிருந்து உருண்ட கல்லைப் போல இறங்கியிருந்தது. "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். இறங்கிய பிறகு கோடு ஏறக்குறைய சமதளமாகக் கடைசி வரை போகிறதே, தங்கியவர்களுக்காக வெட்டலாமே என்றேன். போனவர்களுக்காகத்தான் வெட்ட வேண்டும் என்றார். பணம் கொடுப்பவர் அவர். வெட்டினேன்.

நேற்று இரவு 'ரஷ்யன் ஆர்க்' மூன்றாம் முறை. பெரிய திரையில் போட்டு, விளக்கை அணைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 33-வது நிமிடத்தில் எழுந்து போய் அதைப் பார்த்தேன். யாரும் அழைத்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது கேமரா இரண்டு அறை தாண்டிப் போயிருந்தது. பின்னோக்கி ஓட்டாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டேன்.