மாநிற முகத்தில் ரோசேசியா: மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

ரோசேசியா என்பது முகத்தின் நடுவில் சிவப்பு, பரு என்று வந்து நீடிக்கும் தோல் நோய். அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பார்த்தும் கேட்டும்தான் முடிவுக்கு வருகிறார்கள். 2002-ல் நோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகை கலந்தே வந்ததால், 2017-ல் அந்த முறையை மாற்றினார்கள். இப்போது முகத்தின் நடுவில் நிலைத்து, அவ்வப்போது கூடும் சிவப்போ, மூக்குத் தோல் தடித்துப் புடைப்பதோ இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் திடீர் முகச்சிவப்பு, பரு, மெல்லிய ரத்தக்குழாய்கள், கண் பாதிப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு தென்பட வேண்டும்.

நம் தோலில் சிவப்பைத் தேடினால் ஏமாந்துதான் போவோம். அது பழுப்பாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் கேள்விகள்தான் கைகொடுக்கும்: வெயிலில் போனால், காரம் சாப்பிட்டால், சூடாகக் காபி குடித்தால் முகம் தகிக்கிறதா? கிரீம் பட்டால் சுருக்கென்று எரிகிறதா? பிறகு கண்ணாடித் துண்டால் தோலை அழுத்திப் பார்ப்பார்கள். நிறம் வெளிறி, எடுத்ததும் திரும்பினால் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று பொருள். டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) அந்தக் குழாய்கள் பலகோண வலையாகத் தெரியும். கருவியை அழுத்தி வைத்தால் குழாய்கள் மறைந்துவிடும், மெல்ல வைக்க வேண்டும்.

பருவோடு கரும்புள்ளி, வெண்புள்ளி இருந்தால் சாதாரண முகப்பரு பக்கம் யோசிக்கலாம். மூக்கோர மடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கான செதில் இருந்தால் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சி. லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) தடிப்பு பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும், அதில் சீழ்ப்பரு வராது. லூபஸ் இருக்கிறதா என்று தேடச் செய்யும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையில் குறைந்த அளவு பாசிட்டிவ் வந்ததும் பயப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அப்படி வரும்.

இந்தியாவில் பெரிய குழப்பம் ஸ்டீராய்டு கிரீம்தான். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, நிறம் வெளுக்க மாதக்கணக்கில் பூசுவார்கள். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயினோடு மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் இதில் பிரபலம். விளைவு அப்படியே ரோசேசியா மாதிரி இருக்கும். நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகச் சிவந்து எரியும், பயந்து மறுபடி பூசுவார்கள். மருத்துவர் சொல்படி நிறுத்தி, சில வாரங்களாவது காத்திருந்தால்தான் அடியில் உண்மையான ரோசேசியா இருக்கிறதா என்று தெரியும். மருத்துவரிடம் போகும்போது முகத்தில் பூசும் எல்லா டியூப்களையும் கையோடு கொண்டுபோங்கள். பெயர் மறந்துபோகும், சில சமயம் மறைக்கவும் தோன்றும்.

பயாப்சி (தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) அரிதாகத்தான் தேவைப்படும்: சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), லூபஸ் சந்தேகம் வந்தால். கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல், அடிக்கடி கண்கட்டி இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தோலில் ஒன்றும் தெரியாத நிலையிலும் கண் பாதிக்கப்படலாம், கருவிழி வரை போனால் பார்வைக்கே ஆபத்து.