தொப்பிக்காரர் கட்டிய வீடு

பள்ளி நாட்களைப் பற்றி எழுதச் சொல்லி நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். சாலிகிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்கள் என்றால் அதில் பாதி சினிமாதான். அருணாசலம் சாலையில் பிரசாத் ஸ்டுடியோ, கொஞ்சம் தள்ளி வடபழனியில் ஏ.வி.எம். நமக்குக் காலை மணி அடிக்கிற நேரத்தில்தான் யூனிட் வேன்கள் கிளம்பும். தெருவில் ஜெனரேட்டர் வண்டி நின்றால் மத்தியானம் கடைசி பெஞ்சு காலி. ஆகவே யார் பெரிய டைரக்டர் என்பதில் எங்களுக்குத் திடமான கருத்து இருந்தது. யாருக்கு வேன் அதிகமோ, லைட் அதிகமோ, அவர்.

எப்போதும் தொப்பியோடு தெரியும் டைரக்டர் பாலு மகேந்திரா அந்தக் கணக்கில் தேறவே இல்லை. "அவர் படம்னா எங்கப்பாவுக்கு வேலையே இருக்காதுடா, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு எடுத்துடுவாரு" என்று எங்கள் வகுப்பு லைட்மேன் மகன் அலுத்துக்கொள்வான். அவருடைய ஒளிப்பதிவைப் பற்றி நான் பிற்பாடு படித்த நீண்ட கட்டுரைகள் எதுவும் இதைவிடப் பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

அவர் 1939ல் மட்டக்களப்பு அருகே அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போனபோது, இலங்கையில் ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மயங்கியவர். அந்த மனிதர் 'மழை' என்று கத்தியதும் மழை கொட்டியதாம்! பையன் அன்றே முடிவு செய்துவிட்டான். பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். ராமு காரியாட்டின் 'நெல்லு' வழியாக மலையாளத்தில் கேமராமேனாக நுழைந்தார். 1977ல் கன்னடத்தில் 'கோகிலா', இயக்குநராக அவருடைய முதல் படம். அதன் ஒளிப்பதிவுக்கே தேசிய விருது. அடுத்த ஆண்டு மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', பிறகு தெலுங்கில் 'சங்கராபரணம்', மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' என்று மற்றவர்களுக்கும் கேமரா பிடித்தார். தன் படங்களுக்கு எழுத்து, கேமரா, எடிட்டிங், இயக்கம் எல்லாம் பெரும்பாலும் அவரே.

தமிழில் 'அழியாத கோலங்கள்' 1979ல். அடுத்து வந்த 'மூடுபனி' இளையராஜாவின் நூறாவது படம். அதற்குப் பிறகு பாலு மகேந்திரா பெரும்பாலும் வேறு இசையமைப்பாளரிடம் போகவில்லை. 'மூன்றாம் பிறை'யைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கடைசி ரயில் நிலையக் காட்சியைப் பார்த்து அழாதவர் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். ஆனால் 'பொன்மேனி உருகுதே' பாட்டு அந்தப் படத்துக்கு வேண்டியதில்லை என்பது என் கட்சி. 1984ல் முழு மசாலாவாக ஒன்றை எடுத்து அதற்கு 'நீங்கள் கேட்டவை' என்று பெயர் வைத்தார். குறும்பா, கோபமா? எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது 'வீடு' (1988). ஒரு ஞாயிறு மத்தியானம் தூர்தர்ஷனில் போட்டார்கள். முந்தைய வெள்ளிக்கிழமையே நம் தமிழ் ஐயா வகுப்பில் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை வந்து கதையைச் சொல்லணும். பாட்டு இல்ல, சண்டை இல்ல, எழுந்து போயிடாதீங்க." நாங்கள் பயந்துகொண்டே உட்கார்ந்தோம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஆபீஸ் போகும் பெண், தங்கை, தாத்தா. தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் கொஞ்சம் மனை இருக்கிறது. சரி, கட்டலாம் என்று இறங்குகிறார்கள். அப்புறம் லோன், பிளான், அப்ரூவல், லஞ்சம், சிமென்ட்டை வெளியே விற்கும் கான்டிராக்டர், அவரைத் தட்டிக் கேட்கும் சித்தாள் மங்கம்மா. எங்கள் வீட்டில் அப்போது மேல்மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா படம் முழுக்க டிவியைப் பார்த்து, "நம்ம மேஸ்திரியேதான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு வந்து நிற்கும் தாத்தா சொக்கலிங்க பாகவதரை அம்மாவால் தாங்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். ஆபீஸ் போகும் பெண்ணாக வந்த அர்ச்சனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. கொஞ்சம்கூட நடித்த மாதிரி இல்லையே, எதற்கு விருது என்று திங்கட்கிழமை ஒருவன் கேட்டான். தமிழ் ஐயா சிரித்ததைப் பார்க்க வேண்டுமே!

பின்னணி இசைக்கு பாலு மகேந்திரா, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்தே எடுத்து வைத்திருந்தார். தன் தாயார் வீடு கட்டப் பட்ட பாடுதான் கதைக்கு விதை என்றும் சொல்லியிருக்கிறார். படத்தில் பாதியில் நிற்கும் அந்தக் கட்டடம் சாலிகிராமத்தில்தான் எழுந்தது. நாமும் சைக்கிளில் அதைக் கடந்து போயிருப்போம். வாசலில் ஜெனரேட்டர் வண்டி இல்லாததால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

அடுத்து 'சந்தியாராகம்', 'வண்ண வண்ணப் பூக்கள்', 'மறுபடியும்', சிரிக்க வைத்த 'சதிலீலாவதி'. நான் வெளிநாடு வந்த பிறகு சன் டிவியில் 'கதை நேரம்'. 52 சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். ஊரிலிருந்து அக்கா அதை வீடியோ கேசட்டில் பதிந்து அனுப்புவாள். தமிழ் ஐயா வகுப்பில் வாசித்துக் காட்டிய எழுத்தாளர்கள் வரவேற்பறைக்கே வந்த மாதிரி இருந்தது. அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த வெற்றிமாறனுக்கு அந்தத் தொடருக்காகக் கதைகளைப் படித்துச் சுருக்கம் எழுதுவதுதான் ஆரம்ப வேலை. பாலா, ராம், சீனு ராமசாமி, நா. முத்துக்குமார் எல்லாரும் அதே ஆளிடம் பாடம் கேட்டவர்கள்தான். தினமும் ஒரு சிறுகதை படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. நம் தமிழ் ஐயாவும் அதைத்தானே கேட்டார்? அவரிடம் படித்து நாம் டைரக்டர் ஆகவில்லை, அது வேறு விஷயம்.

கடைசியில் 'வீடு' படத்துக்காகக் கட்டிய அந்தக் கட்டடத்திலேயே 'சினிமா பட்டறை' என்று பள்ளிக்கூடம் வைத்தார். 2013 டிசம்பரில் 'தலைமுறைகள்' வந்தது. தாத்தாவாக அவரே நடித்திருந்தார். 2014 பிப்ரவரி 13ல் காலமானார். படம் தேசிய விருது வாங்கியதை அவர் பார்க்கவில்லை.

'வீடு', 'சந்தியாராகம்' படங்களின் நெகடிவ் அழிந்துபோனதாக அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை கோடி புரளும் கோடம்பாக்கத்தில் இரண்டு படப்பெட்டிகளுக்கு இடம் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் வழக்கம்போல ஹீரோ படம் தேட வேண்டாம், இந்த முறை 'வீடு' போடுவோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு லோன் என்றால் என்ன, கான்டிராக்டர் என்றால் என்ன என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். பாட்டு கிடையாது என்பதால் இடைவேளையை நாமே விட்டுக்கொள்ளலாம். மசால் வடைக்கு நான் பொறுப்பு.