ப்ளூம்பெர்க் கட்டடத்துக்கு அடியில் ஏழு மீட்டர்

லண்டன் வால்புரூக் தெருவில் 2017இல் திறக்கப்பட்ட ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமை அலுவலகத்துக்குக் கீழே, தெருமட்டத்திலிருந்து ஏழு மீட்டர் ஆழத்தில், ரோமானியர் கி.பி. 240 வாக்கில் தங்கள் கடவுள்களில் ஒருவரான மித்ராஸுக்கு எழுப்பிய கோயிலைப் பார்க்கலாம். கட்டுமானத்தின்போது தொல்லியலை எப்படிக் கையாள வேண்டும், எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு மனையே போதும்.

1954இல் இங்கே வேறோர் அலுவலகம் கட்டும்போதுதான் கோயில் வெளிப்பட்டது. கட்டுபவர் தொல்லியலுக்கு இடம்கொடுக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. கற்களைப் பெயர்த்து, 1962இல் சுமார் நூறு மீட்டர் தள்ளி, தெருமட்டத்தில், சிமெண்ட் சாந்து வைத்து அடுக்கினார்கள். பழைய கல்லைவிட சிமெண்ட் கெட்டியானது. பிரிக்கும்போது கல்லின் விளிம்புதான் உடையும். ப்ளூம்பெர்க் கட்டடத்துக்காக அதைப் பிரித்து மீண்டும் அமைத்தபோது சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்பினார்கள். 1954இல் தோண்டாமல் விட்ட சுவர்ப்பகுதிகளைக் கலைக்காமலிருக்க, கோயிலைப் பழைய இடத்துக்கு 12 மீட்டர் மேற்கே அமைத்தார்கள். சரியான முடிவு.

இப்படியொரு மனையில் நீங்கள் கட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் காகித வேலை. பழைய நிலவரைபடம், முந்தைய கட்டடத்தின் பேஸ்மெண்ட் வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை மூன்றையும் ஒரே மட்ட அளவில் பொருத்திப் பாருங்கள். பழைய பேஸ்மெண்ட் தளத்துக்கும் இயற்கை மண்ணுக்கும் இடையே எஞ்சும் அடுக்குதான் உங்கள் பிரச்சினை, உங்கள் செல்வமும் அதுவே. மண் பரிசோதனைக்குத் துளையிடும் அன்றே தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அடுத்தது பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண். யார்க் நகருக்காக 1991இல் வந்த ஆய்வறிக்கை, அடித்தளம் தொல்லியல் அடுக்கில் 5 விழுக்காட்டுக்கு மேல் சிதைக்கக் கூடாது என்றது. பலர் பைலின் குறுக்குவெட்டுப் பரப்பை மட்டும் கணக்கிட்டுத் திருப்தியடைகிறார்கள். பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட் திண்டு), லிஃப்ட் குழி, கழிவுநீர்ப் பள்ளம் எல்லாம் சேர்ந்தால் கணக்கு எகிறும். பழைய பைல் துளைத்த இடங்களையே மீண்டும் பயன்படுத்த முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். வரைபடம் முடிந்தபின் கேட்டால் பதில் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். வால்புரூக் என்பது உண்மையில் புதையுண்ட ஓர் ஓடையின் பெயர். அதன் ஈரச்சேற்றில் ஆக்ஸிஜன் இல்லாததால் மரமும் தோலும் அழியாமல் கிடந்தன. ரோமானியர் மெழுகு பூசி எழுதிய மரப்பலகைகள் நானூறுக்கும் மேல் கிடைத்தன. மேலே பூசிய மெழுகு போய்விட்டது. எழுத்தாணி மரத்தில் பதித்த கீறலை வைத்தே படித்தார்கள். அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்ட, 105 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) கடன் பத்திரம். பள்ளம் காய வேண்டுமென்று பம்பு வைத்து நீரை இறைத்தால், தோண்டாமல் விட்ட பகுதியும் அழுகிவிடும். நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிப்புக் குழாய்களில் கட்டுமானத்துக்கு முன்னும் பின்னும் அளந்தாக வேண்டும்.

எடுத்த ஈரமரத்தை வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் நீர்தான் அதன் செல்களைத் தாங்குகிறது; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், கீறல் மறையும். உடனே தண்ணீரில், குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற வேதிப்பொருளை மரத்தில் ஏற்றுவது, உறையவைத்து உலர்த்துவது எல்லாம் ஆய்வகத்தின் வேலை.

இங்கே கையால் தோண்டிய மண் சுமார் 3,500 டன். பள்ளத்தின் பக்கச்சுவர் சரியாமல் தடுக்கும் ஷீட் பைல் எனும் எஃகுத் தகடுகளும் முட்டுகளும் முதலில் இறங்கினால்தான் அந்த ஆழத்தில் ஆள் நிற்க முடியும்; அகழாய்வு நடக்கும் பகுதிக்குள் எந்திரம் வராதபடி வேலைகளை வரிசைப்படுத்த வேண்டும். தோண்டல் 2014இல் முடிந்தது. பலகைகளின் வாசிப்பு நூலாக வந்தது 2016இல். அந்தப் பிந்தைய வேலைக்கான பணத்தை ஒப்பந்தத்தில் தனி இனமாக எழுதிவையுங்கள், மனை கைமாறினாலும் செல்லுபடியாகும்படி.