பதினொரு பிள்ளைகள்

ஏப்ரல் 16

இன்றும் எங்கள் அலாஸ்கா கிராமத்துக்கு விமானம் வரவில்லை. மேகம் பள்ளிக்கூரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருப்பதால், கடிதப் பைகளும் பால் பெட்டிகளும் நான் காத்திருக்கும் நிதித் தாள்களும் பெத்தேல் நகரத்திலேயே கிடக்கின்றன. வருகைப் பதிவேட்டில் வழக்கம்போல் பதினொன்று என்று எழுதிவிட்டு, அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றோரக் கடைசி வீட்டுக்காரர் இந்தக் கோடையில் ஆங்கரேஜ் நகரத்துக்குக் குடிபெயரப் போகிறார் என்று நேற்று கடையில் பேச்சு. அவருக்குப் பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள். பதினொன்றில் இரண்டு போனால் மிச்சம் என்ன என்பதை எங்கள் முதல் வகுப்புச் சிறுமிகூடச் சொல்லிவிடுவாள். 1998-இல் அலாஸ்கா சட்டமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டத்தின்படி, பத்து மாணவர்களுக்குக் குறைந்த பள்ளி தனிப்பள்ளியாகக் கணக்கில் வராது. அக்டோபரில் முடியும் இருபது பள்ளி நாட்களின் தலைக்கணக்கில் அது முடிவாகிவிடும். பள்ளியை மூடு என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. விளக்குக்கும் அடுப்பு எண்ணெய்க்கும் ஆசிரியருக்கும் வேண்டிய பணம் வராமல் போகும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 17

பதினொருவரும் வந்திருந்தனர்.

ஏப்ரல் 19

பனியும் மழையும் கலந்து பெய்தன. தூக்கம் பிடிக்காததால் மறுபடி பழைய வரலாற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். 1824-இல் உனலாஸ்கா தீவுக்கு வந்த வெனியமினோவ் என்னும் ரஷ்யப் பாதிரியார், இவான் பான்கோவ் என்ற அலூட் பூர்வகுடித் தலைவருடன் சேர்ந்து அலூட் மொழிக்கு எழுத்து வகுத்தார், பள்ளியும் தொடங்கினார். ரஷ்யர்கள் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே அலூட் ஆண்களைக் கடல் நீர்நாய் வேட்டைக்கு வலுக்கட்டாயமாக ஓட்டிச் சென்றவர்களும் ரஷ்ய வணிகர்கள்தாம். இருந்தாலும் அந்தப் பள்ளியில் பிள்ளையின் தாய்மொழிக்கு ஒரு பலகை இருந்தது. 1867-இல் இந்த நிலம் முழுவதும் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவுக்கு 72 லட்சம் டாலருக்குக் கைமாறிய பிறகு, பதினேழு ஆண்டுகள் இங்கே பள்ளி நடத்த வாஷிங்டனிலிருந்து ஒரு சட்டமும் வரவில்லை. 1884-இல் வந்த சட்டம், இன வேறுபாடு பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்றது; அதற்கென ஒதுக்கிய தொகை 25,000 டாலர். அந்தப் பணத்தில் ஒரு துணைக்கண்டத்தை ஒத்த நிலப்பரப்புக்கு எப்படிப் பள்ளி கட்டுவது? மறு ஆண்டில் கல்விப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஷெல்டன் ஜாக்சன் தாமே பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர் என்பதால், வேலையைக் கிறித்தவச் சபைகளிடம் விட்டார். எங்கள் குஸ்கோக்விம் ஆறு மொரேவியருக்கு, அலூட் தீவுகள் மெதடிஸ்டுகளுக்கு, கோடியாக் பாப்டிஸ்டுகளுக்கு என்று, வாரிசுகள் வயலைப் பங்கு பிரித்துக்கொள்வதைப் போல அலாஸ்கா ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி வகுப்பில் ஒலிக்கக் கூடாது என்பதில் ஜாக்சன் உறுதியாக இருந்தார்.

இங்கே தேநீரை இன்றும் ‘சாயுக்’ என்கிறார்கள். ரஷ்யர் போய் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சொல் போகவில்லை. முதல் முறை கேட்டபோது நம் சாயாதான் ஆளை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது என்று தோன்றியது.

ஏப்ரல் 22

‘நாகரிக வாழ்க்கை வாழும் கலப்பினப் பிள்ளைகள்.’ 1905-ஆம் ஆண்டு நெல்சன் சட்டத்தின் இந்தச் சொற்றொடர் நான்கு நாட்களாக என்னை விடவில்லை. வெள்ளையர் பிள்ளைகளுக்கும் இந்தத் தகுதி பெற்ற கலப்பினப் பிள்ளைகளுக்கும் உள்ளூர்ப் பள்ளி. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மத்திய கல்வித் துறையின் தனிப்பள்ளி. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இன வேறுபாடு பாராதே என்று எழுதிய அதே நாடாளுமன்றம்தான் இதையும் எழுதியது. சிட்கா என்ற ஊரில் ருடால்ஃப் வால்டன் என்ற டிலிங்கிட் பூர்வகுடி வெள்ளிக் கொல்லர் தம் மனைவியின் பிள்ளைகளை ஊர்ப்பள்ளியில் சேர்க்கப் போய், மறுக்கப்பட்டு, வழக்காடினார். அவருக்குச் சொந்தக் கடை இருந்தது, வீடு இருந்தது, சபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1908-இல் தீர்ப்பளித்த நீதிபதி ராயல் ஆர்ச் கன்னிசன், தொழிலும் வீடும் உடையும் சபை உறுப்பினர் தகுதியும் நாகரிகத்துக்குப் போதா என்று கருதி, பிள்ளைகளை வெளியே நிறுத்தினார். அந்தக் குடும்பம் யாருடன் பழகுகிறது, யார் வீட்டுக்குப் போய்வருகிறது என்பதெல்லாம் நீதிமன்றத்தின் கவனிப்புக்கு உள்ளாயின. சபைப் பள்ளிகள் எப்படியெல்லாம் மாறச் சொன்னனவோ அப்படியெல்லாம் மாறிய மனிதர் அவர். மாறிய பிறகும் வாசல் திறக்கவில்லை என்றால், அந்தப் பள்ளிகள் அதுவரை சொல்லிக்கொடுத்தது என்ன?

ஏப்ரல் 23

ஐந்தாம் வகுப்புப் பையன் சேற்றுக் காலணியைக் கழற்றி, தம்பியின் காலணியையும் சேர்த்து வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். உடனே நெல்சன் சட்டத்தின் அந்தச் சொல் நினைவுக்கு வந்து, நாள் முழுவதும் எரிச்சலாகவே இருந்தேன்.

ஏப்ரல் 26

ஞாயிறு. முதல் வகுப்புச் சிறுமியின் பாட்டி உலர்ந்த சால்மன் மீன் கொண்டுவந்தார். தேநீர் ஆறும் வரை எதுவும் பேசவில்லை. இங்கே மௌனத்தை யாரும் அவசரப்பட்டு நிரப்புவதில்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. பிறகு தாமாகவே தொடங்கினார். பன்னிரண்டு வயதில், ஆகஸ்டு இறுதியில், மிதவை விமானத்தில் ஏற்றித் தெற்கே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்களாம். முடியை வெட்டினார்கள், உடைகளில் எண் தைத்தார்கள், பெயருக்குப் பதில் பல நேரம் அந்த எண்தான். மே மாதம் திரும்பி வந்தபோது அம்மா கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னதாகவும், அம்மா எழுந்து மீன் வெட்டப் போய்விட்டதாகவும் சொன்னார். அந்த எண் இன்னும் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், சொல்லவில்லை.

1931-இல் பூர்வகுடிப் பள்ளிகள் ‘இந்தியர்’ (அமெரிக்கப் பூர்வகுடியினர்) விவகாரத் துறைக்கு மாறின. அதன் பிறகு பிள்ளைகளை அனுப்பிய விடுதிப் பள்ளிகள்: ராங்கல், சிட்காவை அடுத்த தீவில் போர்க்காலக் கடற்படைத் தளத்தில் 1947-இல் தொடங்கிய மவுன்ட் எட்ஜ்கம்ப், அங்கும் இடமில்லையென்றால் ஓரிகன் மாநிலத்தின் செமாவா, அதையும் தாண்டி ஓக்லஹோமா. 2022-இல் அமெரிக்க உள்துறை வெளியிட்ட அறிக்கை நாடு முழுவதும் இத்தகைய 408 பள்ளிகளைக் கணக்கிட்டது. அவற்றுள் 21 அலாஸ்காவில் இருந்தவை. அவர்களும் எண்ணியிருக்கிறார்கள், நானும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 27

பத்து. ஒருவனுக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 29

கடைசி வீட்டுக்காரர் மாலையில் வந்தார். போவது உறுதி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூத்தவள் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். இங்கே ஆய்வுக்கூடம் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் பதின்மூன்று ஆண்டுப் பாடங்களையும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவர் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன். இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பு இருப்பதே ஒரு வழக்கால்தான். 1972-இல் யூக்கான் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் எம்மோனாக்கிலிருந்து மாலி ஹூட்ச் என்ற பெண்ணின் பெயரைத் தலைப்பில் ஏந்திச் சென்ற வழக்கு அது. பூர்வகுடிக் கிராமத்துப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்காக வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், வெள்ளையர் சிற்றூர்ப் பிள்ளை பெரும்பாலும் வெளியேற வேண்டியதில்லை என்பதே புகார். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம், சொந்த ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி கேட்பதற்கு அரசியல் சாசனத்தின் கல்விப் பிரிவு உரிமை தரவில்லை என்றது. இனப் பாகுபாடு குறித்த வாதத்தை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்கு விட்டுவைத்தது. மறு ஆண்டு, அதே வழக்கு நுனபிட்சுக் கிராமத்து அன்னா டொபெலுக்கின் பெயரில் தொடர்ந்தபோது, மாநில அரசு சமரசத்துக்கு வந்து 126 கிராமங்களுக்குப் பள்ளி தர ஒப்புக்கொண்டது. எண்ணெய்ப் பணம் பாயத் தொடங்கிய காலம் என்பதால் கட்டவும் முடிந்தது. கட்டியவற்றைப் பழுது பார்க்கத்தான் மனம் வரவில்லை. கிராமப்புறப் பள்ளிக் கட்டட நிதி முறையே பாகுபாடானது என்று 1999-இல் இன்னொரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

ஆனால் இதையெல்லாம் அவரிடம் சொல்வது எந்த வகையில் நியாயம்? உங்களுக்காக வாங்கிய பள்ளி, அதனால் இருங்கள் என்பதா? மூடப்பட்ட மவுன்ட் எட்ஜ்கம்பை 1985-இல் மாநில அரசே மறுபடி திறந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் விரும்பி விண்ணப்பித்துப் போனார்கள், இன்றும் போகிறார்கள். பாட்டியை அனுப்பினார்கள், இந்தப் பெண் தானே போக நினைக்கிறாள். இரண்டையும் ஒன்றாக எழுதினால் பொய்யாகிவிடும். எனினும், அவள் போனால் முதல் வகுப்புச் சிறுமியும் போக வேண்டியிருக்கும், அவளை யாரும் கேட்கப்போவதில்லை.

மே 2

விமானம் வந்தது. பால் வந்தது. தாள்கள் வரவில்லை.

மே 4

வாத்துகள் திரும்பிவிட்டன, பெரிய பையன்கள் இருவர் வேட்டைக்குப் போனதால் வகுப்பில் ஒன்பது பேர். அக்டோபருக்கு ஒத்திகை பார்ப்பதுபோல் இருந்தது.

இன்று உயாகுக்கைப் பற்றிச் சொன்னேன். இதே ஆற்றுக்காரர், மொரேவிய சபையின் உதவிப் போதகர், எந்தப் பள்ளியிலும் படிக்காதவர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள மக்களின் யூப்பிக் மொழிக்குத் தாமே எழுத்து உண்டாக்கினார். முதலில் நினைவுக்காகச் சிறு படங்கள். ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் அவை தேய்ந்து அசைக்கு ஒரு குறி என்று ஆயின. பள்ளிகள் அந்த மொழியின் வாயை அடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது. வகுப்பில் யூப்பிக் மறுபடி முறையாக நுழைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெத்தேலில் முழுவதும் யூப்பிக்கிலேயே தொடங்கும் பள்ளி 1995-இல்தான் வந்தது. பூர்வகுடி மொழிகள் இருபதை மாநிலம் 2014-இல் ஆட்சிமொழிகளாக அறிவித்தது. நிதிக்கு வரும் தாள்கள் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன.

முதல் வகுப்புச் சிறுமி தானும் ஓர் எழுத்து உண்டாக்கினாள். அது என்ன ஒலி என்று கேட்டதற்கு, இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள்.

மே 6

இரவெல்லாம் ஆறு முனகியது.

மே 8

பிற்பகல் இரண்டு மணிக்குப் பனிக்கட்டி நகரத் தொடங்கியது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போனேன், காய்ச்சல்காரனும் வந்திருந்தான். வீடுகளின் முன்னே குளிர்காலம் முழுவதும் கவிழ்ந்து கிடந்த படகுகளை நிமிர்த்தி, இயந்திரம் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வீட்டுப் படகு இன்னும் கவிழ்ந்தபடியே கிடக்கிறது. நாளை காலை போய்ப் பார்க்க வேண்டும்.